கையெழுத்தும் சம்மதமும்: பலெர்மோவிலிருந்து ஒரு சட்ட வரலாறு

பலெர்மோவின் பொலித்தேயாமா அரங்கை ஒட்டி வடக்கே நீளும் லிபெர்த்தா சாலை, 1848ஆம் ஆண்டின் சிசிலியப் புரட்சி அரசு வகுத்த சாலை. அதைச் சுற்றி வளர்ந்த லிபெர்த்தா வட்டாரம் இன்று நகரத்தின் வசதியான குடும்பங்கள் வாழும் பகுதி. வழக்கறிஞர்களும் நோட்டரிகளும் அலுவலகம் வைத்திருக்கும் பகுதியும் அதுதான். திருமணம் செய்துகொள்ளாமல் சேர்ந்து வாழும் இருவர் அப்படிப்பட்ட அலுவலகம் ஒன்றுக்குப் போய்த் தங்களுக்குள் ஒப்பந்தம் எழுதிக்கொள்ளலாம். 2016 மே 20ஆம் தேதியிட்ட 76ஆம் எண் சட்டம் அதற்கு வழி செய்திருக்கிறது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். கையெழுத்துகளுக்கு நோட்டரியோ வழக்கறிஞரோ சான்றளிக்க வேண்டும். எந்த வீட்டில் வாழ்வது, குடும்பச் செலவில் யார் பங்கு எவ்வளவு, சேரும் சொத்து யாருக்கு என்பவற்றை அதில் எழுதலாம். அதற்குக் காலக்கெடு வைக்க முடியாது. நிபந்தனையும் போட முடியாது.

படுக்கையறை பற்றி அந்தச் சட்டம் பேசவே இல்லை. ஒப்பந்தத்துக்கு அது வகுத்திருக்கும் எல்லை பணமும் சொத்தும்தான்.

இந்த விலக்கு தற்செயலாக நேர்ந்ததா? உடலுறவுக்கான சம்மதத்தையும் எழுதி வாங்கிக்கொண்டால் பின்னாளில் வழக்கு வம்பு வராதே என்ற யோசனை உலகெங்கும் அவ்வப்போது எழுகிறது. பாலியல் வன்முறைச் சட்டம் திருத்தப்படும் நாடுகளில் எல்லாம், இனிமேல் கையில் படிவத்தோடுதான் போக வேண்டுமா என்ற கேள்வியைச் சிலர் எழுப்புகிறார்கள். இத்தாலியிலும் எழுப்பினார்கள். உடலுறவுச் சம்மதத்தை ஆவணத்தில் அடைக்கும் முயற்சி புதியதன்று என்பதே இக்கட்டுரையின் வாதம். சட்டம் நெடுங்காலம் அதைத்தான் செய்துவந்தது. சிசிலியில் அந்த முறை எப்படி நடந்தது, எப்படி உடைந்தது என்பதைப் பார்த்தால், இன்றைய ஒப்பந்தங்களும் செயலிகளும் ஏன் நிற்கவில்லை என்பது விளங்கும்.

அல்காமோவில் மறுக்கப்பட்ட கையெழுத்து

பலெர்மோவிலிருந்து மேற்கே ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவில், திராப்பானி மாகாணத்தில் இருக்கிறது அல்காமோ. 1965 டிசம்பர் 26 அன்று பிலிப்போ மெலோதியா என்ற இளைஞன் ஒரு டஜன் கூட்டாளிகளோடு ஆயுதம் தாங்கி அங்குள்ள விவசாயி பெர்னார்தோ வியோலாவின் வீட்டுக்குள் புகுந்தான். தடுத்த தாயை அடித்துத் தள்ளிவிட்டு, 17 வயது மகள் பிராங்கா வியோலாவைத் தூக்கிச் சென்றான். அக்காவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு விட மறுத்த எட்டு வயதுத் தம்பியையும் சேர்த்தே கொண்டுபோனார்கள்; பிறகு தம்பியை மட்டும் திருப்பி அனுப்பினார்கள். மெலோதியா உள்ளூர் மாஃபியாக் குடும்பத்தின் உறவினன். முன்பு பிராங்காவுக்கு நிச்சயிக்கப்பட்டவன். அவன் திருட்டு வழக்கில் சிக்கியதும் தந்தை நிச்சயத்தை முறித்துவிட்டார். அதற்குப் பழியாக வியோலா குடும்பத்தின் திராட்சைத் தோட்டம் ஏற்கெனவே கொளுத்தப்பட்டிருந்தது.

எட்டு நாட்கள் பிராங்கா அடைத்து வைக்கப்பட்டு வன்புணர்வுக்கு ஆளானார். மெலோதியா தரப்புக்கு அவசரம் ஏதும் இருக்கவில்லை. அடுத்து நடக்கவேண்டியது என்ன என்பது ஊருக்கே தெரியும். இரு வீட்டாரும் உட்கார்ந்து பேசி முடிப்பார்கள். சிசிலியில் அதற்குப் 'பச்சாத்தா' என்று பெயர். பிறகு கல்யாணம் நடக்கும். காதலர்கள் தாமாகவே ஓடிப்போய்க் குடும்பத்தைச் சம்மதிக்க வைக்கும் 'ஃபுயித்தினா' என்ற வழக்கமும் அங்கே உண்டு. கடத்தலையும் அந்தக் கணக்கில் எழுதிவிடுவது எளிது.

இதற்குச் சட்டத்தின் துணையும் இருந்தது. 1930இல் இயற்றப்பட்ட ரோக்கோ குற்றவியல் தொகுப்பின் 544ஆம் பிரிவு சொன்னது இது: குற்றவாளி பாதிக்கப்பட்டவளைத் திருமணம் செய்துகொண்டால் குற்றம் அற்றுப்போகும், உடன் இருந்தவர்களின் குற்றமும் அற்றுப்போகும், தண்டனை ஏற்கெனவே விதிக்கப்பட்டிருந்தால் அது அதோடு நின்றுவிடும். இத்தாலியர்கள் இதைப் பரிகாரத் திருமணம் என்றார்கள். திருமணப் பதிவேட்டில் மணப்பெண் இடும் ஒரே கையெழுத்து, அவளைத் தூக்கிச் சென்ற அத்தனை பேரையும் சிறையிலிருந்து விடுவித்துவிடும். அந்தக் கையெழுத்து எந்த நாளில், எந்த நிலையில், யாருக்கு அஞ்சி இடப்பட்டது என்று கேட்கச் சட்டம் ஆர்வம் காட்டவில்லை.

மெலோதியா தரப்பினர் பேச்சுவார்த்தைக்கு அழைத்தபோது பெர்னார்தோ வியோலா இணங்குவதுபோல் காட்டிக்கொண்டு காவல்துறையோடு சேர்ந்து செயல்பட்டார். 1966 ஜனவரி 2 அன்று காவலர்கள் பிராங்காவை மீட்டார்கள். மெலோதியாவைத் திருமணம் செய்துகொள்ள மாட்டேன் என்று பிராங்கா சொல்லிவிட்டார். அன்றைய சிசிலியில் அதன் விலை என்ன என்பதை அவரும் அவர் தந்தையும் அறிந்தே இருந்தார்கள்.

வழக்கு 1966 டிசம்பரில் திராப்பானி நீதிமன்றத்துக்கு வந்தது. பிராங்காவின் பக்கம் அல்காமோவைச் சேர்ந்த வழக்கறிஞர் லுதோவிகோ கொர்ராவோ நின்றார். எதிர்த்தரப்பு வாதம் கவனிக்கத்தக்கது. இது பெண்ணின் சம்மதத்தோடு நடந்த ஃபுயித்தினா என்றார்கள். நிச்சயதார்த்தம் நடந்ததே, அதுவே சம்மதத்துக்குச் சாட்சி என்ற தொனியில் வழக்கு நடத்தப்பட்டது. நீதிமன்றம் ஏற்கவில்லை. மெலோதியாவுக்கு 11 ஆண்டுச் சிறை. பின்னர் மேல்முறையீட்டில் அது 10 ஆண்டுகளாயிற்று. பிராங்கா 1968 டிசம்பரில் தாம் விரும்பிய ஜுசெப்பே ருயிசியை மணந்தார். 2014 மார்ச் 8 அன்று குடியரசுத் தலைவர் ஜோர்ஜோ நாப்பொலித்தானோ அவருக்கு நாட்டின் உயர்ந்த விருதுகளில் ஒன்றை அளித்தார்.

பழைய சம்மதம் புதிய சம்மதத்துக்குச் சான்றாகாது என்பதை ஒரு நீதிமன்றம் ஊரறியச் சொல்ல நேர்ந்த வழக்கு இது. இருந்தும் 544ஆம் பிரிவு சட்டப் புத்தகத்திலிருந்து நீங்க இன்னும் 15 ஆண்டுகள் ஆயின. 1981 ஆகஸ்ட் 5ஆம் தேதியிட்ட 442ஆம் எண் சட்டம்தான் அதை நீக்கியது. 'மானக் கொலை'க்குக் குறைந்த தண்டனை தந்த 587ஆம் பிரிவும் அதே நாளில் போயிற்று.

உடல்மீது எழுதப்பட்ட உரிமை

பரிகாரத் திருமணம் தனித்து நின்ற விதியன்று. திருமணம் என்பதே உடல்மீது எழுதிக் கொடுக்கப்படும் உரிமை என்ற கருத்து அதன் அடியில் இருந்தது. கத்தோலிக்கத் திருச்சபையின் 1917ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பு, 1081ஆம் விதியில் இதைத் தெளிவாகவே வைத்தது. கணவனும் மனைவியும் ஒருவர் உடல்மீது மற்றவருக்கு நிரந்தரமான, வேறெவருக்கும் இடமில்லாத உரிமையைக் கொடுத்துப் பெற்றுக்கொள்வதே திருமணச் சம்மதம் என்றது அந்த விதி. 1929இல் வத்திக்கானுடன் இத்தாலி செய்துகொண்ட உடன்படிக்கைக்குப் பிறகு, கோவிலில் நடந்த திருமணத்துக்கே அரசுச் சட்டத்தின் பலனும் கிடைத்தது. ஆகவே இது பாதிரியார்களின் பாடப்புத்தகத்தோடு நின்றுவிட்ட கருத்தாக இருக்கவில்லை.

இங்கிலாந்தில் இதே எண்ணத்தை நீதிபதி மாத்யூ ஹேல் எழுதிவைத்தார். 1676இல் அவர் இறந்தார். நூல் 1736இல் அச்சேறியது. திருமண ஒப்பந்தத்தின் மூலம் மனைவி தன்னைக் கணவனுக்கு ஒப்படைத்துவிட்டாள், அதை அவள் திரும்பப் பெற முடியாது என்பது அவர் கூற்று. ஆங்கிலேயர் ஆண்ட நாடுகளின் குற்றவியல் சட்டங்களுக்குள் இந்தக் கூற்று கப்பலேறிப் போய்ச் சேர்ந்தது.

இத்தாலியில் இந்தக் கட்டடம் ஒரே நாளில் இடியவில்லை. 1975ஆம் ஆண்டின் 151ஆம் எண் சட்டம் கணவனே குடும்பத் தலைவன் என்ற நிலையை நீக்கிக் கணவன் மனைவியைச் சமமாக்கியது. மனைவியை வன்முறையாலோ மிரட்டலாலோ உறவுக்கு உட்படுத்தும் கணவன் குற்றவாளியே என்று 1976இல் நாட்டின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றமான கசாத்ஸியோனே தீர்ப்பளித்தது. திருச்சபையும் 1983இன் புதிய தொகுப்பில் உடல்மீதான உரிமை என்ற சொற்களைக் கைவிட்டது. 1996 பிப்ரவரி 15ஆம் தேதியிட்ட 66ஆம் எண் சட்டம் பாலியல் வன்முறையைப் பொது ஒழுக்கத்துக்கு எதிரான குற்றங்களின் வரிசையிலிருந்து எடுத்து, தனி மனிதருக்கு எதிரான குற்றங்களின் வரிசையில் வைத்தது. இடம் மாறியதில் ஒரு பொருள் இருக்கிறது. முன்பு கெட்டுப்போனது குடும்பத்தின் பெயர். ஆகவே குடும்பங்கள் கூடி எழுதித் தீர்த்துக்கொள்ள முடிந்தது. இப்போது காயப்பட்டது ஓர் ஆள். அவருடைய விருப்பத்தை அவருக்குப் பதிலாக எவரும் எழுத முடியாது.

சம்மதம் தொடக்கத்தில் இருந்தால் போதாது, செயல் முடியும்வரை நீடிக்க வேண்டும் என்பதைக் கசாத்ஸியோனே பல தீர்ப்புகளில் உறுதி செய்திருக்கிறது. நடுவில் ஒருவர் மனம் மாறி வேண்டாம் என்றால், அதற்குப் பிறகு நடப்பது குற்றம். இந்த ஒரு விதி போதும். முன்கூட்டி எழுதப்படும் எந்த ஆவணமும் சட்டத்தின் முன் வலுவிழந்துவிடுகிறது. மாலை ஏழு மணிக்கு இட்ட கையெழுத்து, இரவு பத்து மணிக்கு அந்த மனத்தில் இருந்ததைச் சொல்லாது.

ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2025 ஜனவரி 23 அன்று பிரான்சுக்கு எதிரான ஒரு வழக்கில் இதே தர்க்கத்தை அதன் முடிவுவரை கொண்டுசென்றது. கணவனோடு உறவுக்கு மறுத்தார் என்பதற்காக ஒரு பெண்மீதே முழுப் பழியையும் போட்டு வெர்சாய் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2019இல் மணமுறிவு வழங்கியிருந்தது. திருமணத்துக்குத் தந்த சம்மதம் வருங்கால உறவுகளுக்கெல்லாம் தந்த சம்மதமாகாது என்று சொல்லி ஐரோப்பிய நீதிமன்றம் அந்தத் தீர்ப்பின் தர்க்கத்தை நிராகரித்தது.

யாழ்ப்பாணத்திலும் சென்னையிலும்

பலெர்மோவில் தமிழருக்கும் இந்த வரலாற்றில் பங்கு உண்டு. இலங்கையின் போர்க்காலத்தில், 1980களிலிருந்து, ஈழத் தமிழர்கள் இந்த நகரத்தில் குடியேறினார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் மோந்தே பெல்லெக்ரீனோ மலையேறிச் சாந்தா ரொசாலியா குகைக் கோவிலில் கும்பிடும் தமிழ்க் குடும்பங்கள், சைவர்கள் உட்பட, பலெர்மோவாசிகளுக்குப் பழகிய காட்சி. வசதியான வீடுகளில் வீட்டு வேலையும் முதியோர் பராமரிப்பும் பலருக்கும் முதல் பிழைப்பாக அமைந்தன.

யாழ்ப்பாணத்தில் திருமணப் பதிவில் கையெழுத்திட்டுப் பலெர்மோவுக்கு வந்து வாழும் ஒரு தம்பதியை நினைத்துப் பார்க்கலாம். இலங்கைத் தண்டனைச் சட்டத்தின் 363ஆம் பிரிவு 1995இல் திருத்தப்பட்டபோதும், நீதிமன்ற ஆணைப்படி பிரிந்து வாழும் மனைவிக்கு மட்டுமே கணவனுக்கு எதிராக வன்புணர்வுப் பாதுகாப்பைத் தந்தது. சேர்ந்து வாழும் மனைவியின் மறுப்பு அங்கே அந்தக் குற்றத்தை உண்டாக்காது. விமானத்திலிருந்து இறங்கிச் சிசிலி மண்ணில் கால் வைத்ததும் அந்தப் பதிவேட்டின் கையெழுத்துக்கு அத்தகைய பலம் இல்லாமல் போகிறது. இத்தாலியக் குற்றவியல் சட்டம் அந்நாட்டு மண்ணில் உள்ள எல்லோருக்கும் பொது.

இந்தியாவின் நிலை இலங்கையை ஒத்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 63ஆம் பிரிவு, 18 வயது நிரம்பிய மனைவியிடம் கணவன் நடந்துகொள்வதை வன்புணர்வு ஆகாது என்று விலக்கி வைத்திருக்கிறது. இந்த விலக்கை எடுத்துவிட வேண்டும் என்று நீதிபதி வர்மா குழு 2013இலேயே பரிந்துரைத்தது. தில்லி உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் 2022 மே 11 அன்று இதில் எதிரெதிராகத் தீர்ப்பெழுதினார்கள். விலக்கு தொடரவேண்டும் என்பதே 2024 அக்டோபரில் ஒன்றிய அரசு உச்ச நீதிமன்றத்தில் வைத்த நிலைப்பாடு. துணைவர்களுக்கிடையே எழுத்துச் சம்மதம் பொருந்துமா என்று கேட்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். இந்தியாவிலும் இலங்கையிலும் அப்படி ஓர் ஆவணம் ஏற்கெனவே செல்லுபடியாகிக்கொண்டிருக்கிறது. அது திருமணம். ஒருமுறை ஏற்றால் ஆயுள் முழுதும் சம்மதம் என்று கொள்ளப்படும் ஆவணம் எப்படிப்பட்டது என்பதை அந்த நாடுகளின் மனைவிமார் அறிவார்கள்.

அல்காமோவின் பச்சாத்தாவும் தமிழ்நாட்டுக்கு அந்நியமானதன்று. ஊர்ப் பஞ்சாயத்தில் பேசி, "எழுதிக் கொடுத்துட்டுப் போ" என்று முடித்துவைக்கும் வழக்கம் காவல் நிலைய வாசல்வரை நீண்டிருக்கிறது. 2015 ஜூன் மாதம் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி பி. தேவதாஸ், கடலூர் மாவட்டத்துச் சிறுமி ஒருவரை வன்புணர்ந்த வழக்கில் தண்டிக்கப்பட்டவருக்குப் பிணை கொடுத்தார். பாதிக்கப்பட்டவரோடு சமரசம் பேசி முடிக்க வேண்டும் என்பதற்காக வழக்கை நீதிமன்றத்தின் சமரச மையத்துக்கும் அனுப்பினார். அந்தப் பெண் பெற்றோரை இழந்தவர். அந்தக் குற்றத்தால் பிறந்த குழந்தையைத் தனியாக வளர்த்துக்கொண்டிருந்தார். சமரசத்துக்கு வர அவர் மறுத்தார். ஜூலை 1 அன்று வேறொரு வழக்கில் உச்ச நீதிமன்றம், வன்புணர்வு வழக்கில் சமரசம் என்ற பேச்சுக்கே இடமில்லை என்று கடுமையாகச் சொன்னது. அதே மாதம் உயர் நீதிமன்ற உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. இடையில் 50 ஆண்டுகள், ஒரு பெருங்கடல். ஆனால் பிராங்கா வியோலாவிடம் கேட்கப்பட்டதும் கடலூர்ப் பெண்ணிடம் கேட்கப்பட்டதும் ஒன்றே. இருவரும் தந்த பதிலும் ஒன்றே.

மும்பையின் ஏழு நிபந்தனைகள்

இதுவரை பார்த்தவை திருமணத்தை ஆவணமாகக் கொண்டவை. திருமணத்துக்கு வெளியே, இருவர் தாமே எழுதிக்கொள்ளும் ஒப்பந்தம் வேறு வகை. குஜராத்தில் 1970, 80களில் 'மைத்ரி கரார்' என்ற பெயரில் இது பரவியது. இருதார மணத்தை 1955ஆம் ஆண்டின் இந்துத் திருமணச் சட்டம் தடுத்துவிட்டதால், மணமான ஆண்கள் வேறொரு பெண்ணோடு முத்திரைத்தாளில் நட்பு ஒப்பந்தம் எழுதிக்கொண்டார்கள். பெண்ணுக்கு மனைவிக்குரிய உரிமை எதையும் தராமல் ஆணுக்கு உறவை மட்டும் உறுதி செய்த ஏற்பாடு அது.

2024 ஆகஸ்டில் மும்பை நீதிமன்றத்தில் வெளிவந்த ஆவணம் இன்னும் நெருங்கிப் பார்க்க வேண்டியது. திருமணம் செய்வதாகச் சொல்லி வன்புணர்ந்தார் என்று 29 வயதுப் பெண் ஒருவர், 46 வயது ஆண்மீது புகார் கொடுத்தார். பெண் முதியோரைப் பராமரிக்கும் வேலை பார்த்தவர். ஆண் அரசு ஊழியர். முன்பிணை கேட்ட ஆண், இருவரும் கையெழுத்திட்டதாக ஓர் ஒப்பந்தத்தைக் காட்டினார். அதில் ஏழு நிபந்தனைகள். 2024 ஆகஸ்ட் 1 முதல் 2025 ஜூன் 30 வரை சேர்ந்து வாழ்வது. அந்தக் காலத்தில் ஒருவர்மீது ஒருவர் பாலியல் புகார் கொடுக்காமல் இருப்பது. பெண் ஆணின் வீட்டில் தங்குவது, அவன் நடத்தை பிடிக்காவிட்டால் ஒரு மாத முன்னறிவிப்போடு பிரிவது. அவன் நடத்தை பிடிக்காவிட்டால் ஒரு மாத முன்னறிவிப்போடு பிரிவது. பெண்ணின் உறவினர்கள் வீட்டுக்கு வராமல் இருப்பது. பெண் ஆணுக்கு மன உளைச்சல் தராமல் இருப்பது. கர்ப்பமானால் பொறுப்பு பெண்ணுடையது. ஆணின் வாழ்க்கைக்குக் கேடு நேர்ந்தால் அதற்கும் பெண்ணே பொறுப்பு.

இந்த ஏழில் எதுவும் பெண்ணின் விருப்பத்தைக் கேட்டறிவதற்காக எழுதப்பட்டதாகத் தெரியவில்லை. ஏறத்தாழ எல்லாமே வழக்கு வந்தால் ஆணைக் காப்பதற்கானவை. அந்தக் கையெழுத்து தன்னுடையதே அல்ல என்றார் பெண். நீதிமன்றம் முன்பிணை கொடுத்தது; முன்பிணை என்பது உண்மை பொய்யைத் தீர்மானிக்கும் கட்டமன்று. ஆக, சண்டையைத் தவிர்க்க எழுதப்பட்டதாகச் சொல்லப்படும் காகிதம், கையெழுத்து யாருடையது என்ற இன்னொரு சண்டையைக் கொண்டுவந்தது.

அந்த ஆவணம் உண்மையானதே என்று வைத்துக்கொண்டாலும் சட்டத்தில் அதன் நிலை பலவீனமானது. குற்றப் புகாரே கொடுக்க மாட்டேன் என்று எழுதித் தருவது 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 23ஆம் பிரிவின்படி பொதுநலனுக்கு எதிரானது, அது செல்லாது. 2013இல் திருத்தப்பட்ட வன்புணர்வு வரையறை, சம்மதம் என்பது குறிப்பிட்ட செயலுக்கு ஐயத்துக்கு இடமின்றித் தானாகத் தரப்படும் இசைவு என்கிறது. 11 மாதங்களுக்கு மொத்தமாக எழுதித் தரும் இசைவு அந்த வரையறைக்குள் அடங்காது.

பராமரிப்பு வேலை என்ற ஒரு சொல் மும்பையையும் பலெர்மோவையும் இணைக்கிறது. முதலாளியின் வீட்டிலேயே தங்கி வேலை செய்யும் பெண்ணிடம் ஒரு தாள் நீட்டப்பட்டால், அவள் மறுப்பதால் இழப்பது வேலையை மட்டுமன்று; இருப்பிடத்தையும், வெளிநாடு என்றால் வதிவிட அனுமதியின் நம்பிக்கையையும்தான். தாளில் உள்ள இத்தாலிய மொழி அவளுக்குப் பாதிதான் புரியும் என்பதும் நடக்கக்கூடியதே. இத்தாலியக் குற்றவியல் தொகுப்பின் 609-பிஸ் பிரிவு, அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்தி உறவுக்கு உட்படுத்துவதையும் பாலியல் வன்முறையாகவே கொள்கிறது. அந்த அதிகாரம் அரசுப் பதவியாக இருக்கவேண்டியதில்லை, தனியார் உறவில் உள்ள மேல்நிலையும் அதில் அடங்கும் என்று கசாத்ஸியோனேயின் பேரமர்வு 2020இல் தெளிவுபடுத்தியது. அத்தகைய நிலையில் இருப்பவளிடம் வாங்கிய கையெழுத்து முதலாளியைக் காப்பாற்றாது. அவர் தம் அதிகாரத்தை எப்படிப் பயன்படுத்தினார் என்பதற்கே அது சாட்சியாகலாம்.

செயலிகள் வந்த பிறகு

காகிதம் கைபேசிக்கு மாறியது 2014இல். அமெரிக்காவில் அந்த ஆண்டு வெளிவந்த 'குட்டூகோ' என்ற செயலி, இருவரின் சம்மதத்தையும் போதை நிலையையும் கேட்டுப் பதிவு செய்தது. சில வாரங்களில் ஆப்பிள் நிறுவனம் அதைத் தன் கடையிலிருந்து எடுத்துவிட்டது. 2018இல் நெதர்லாந்தில் 'லீகல்ஃபிளிங்' அறிவிக்கப்பட்டது. 2021இல் டென்மார்க்கின் 'ஐகன்சென்ட்' 24 மணி நேரத்துக்குள் ஒரு முறைக்குச் செல்லும் சம்மதத்தைப் பதிவு செய்தது. எப்போது வேண்டுமானாலும் அதைத் திரும்பப் பெறலாம் என்றது. அதே ஆண்டு மார்ச்சில் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் காவல்துறை ஆணையர் மிக் ஃபுல்லர் இத்தகைய செயலியை முன்மொழிந்து, எதிர்ப்பு கிளம்பியதும் அது மோசமான யோசனையாகவும் இருக்கலாம் என்று பின்வாங்கினார்.

எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம் என்ற அந்த ஒரு வாக்கியத்திலேயே எல்லாச் செயலிகளும் இடறுகின்றன. திரும்பப் பெறுவது வாயால் சொல்லி நடக்கும், தலையசைத்து நடக்கும், உடல் விறைத்துப் பின்வாங்குவதால் நடக்கும். கைபேசியை எடுத்து ரத்து செய் என்று அழுத்தும்வரை சம்மதம் நீடிக்கிறது என்று கொண்டால், அழுத்த முடியாத நிலையில் இருப்பவரே அதிகம் இழப்பார்.

பலெர்மோவுக்கு இது வெறும் தர்க்கமாக இல்லை. 2023 ஜூலையில் கடற்கரையை ஒட்டிய ஃபோரோ இத்தாலிகோ பகுதியில் 19 வயதுப் பெண் ஒருவரை ஏழு இளைஞர்கள் பாழடைந்த இடத்துக்குக் கொண்டுபோய்க் கூட்டு வன்புணர்வு செய்தார்கள். கைபேசியில் படமும் எடுத்தார்கள். அவள் விரும்பியே வந்தாள் என்பது அவர்கள் தரப்பு வாதம். வயது வந்த ஆறு பேரும் 2024 நவம்பரில் தண்டிக்கப்பட்டார்கள். அப்போது 18 நிரம்பாத ஏழாமவரை இளையோர் நீதிமன்றம் தனியே தண்டித்தது. நினைவு தெளியாத நிலையில், ஏழு பேர் நடுவில் இருந்த அந்தப் பெண்ணிடம் ஒரு திரையை நீட்டி ஒரு பொத்தானை அழுத்த வைப்பது அவர்களுக்குக் கடினமாக இருந்திருக்காது. அப்படி ஒரு பதிவு இருந்திருந்தால், நீதிமன்றத்தில் அது யாருக்கு உதவியிருக்கும் என்பதை ஊகிக்கச் சிரமம் இல்லை.

முன்கூட்டிய சம்மதத்தின் எல்லையைக் கனடா உச்ச நீதிமன்றம் 2011இல் நேராகவே எதிர்கொண்டது. துணைவரோடு முன்பே பேசி ஒத்துக்கொண்ட ஒரு பெண் நினைவிழந்த பின் நடந்த செயல் பற்றிய வழக்கு அது. செயல் நடக்கும் ஒவ்வொரு கணமும் விழிப்புள்ள மனம் சம்மதிக்க வேண்டும், முன்னரே தந்த இசைவு நினைவற்ற நேரத்துக்கு நீளாது என்று பெரும்பான்மை நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள்.

எதிர்ப்பக்கத்து அனுபவமும் இங்கே பதிவாக வேண்டும். வலியையும் அடிபணிதலையும் விளையாட்டாக்கிக்கொள்ளும் துணைவர்களிடையே எழுத்துப் பட்டியல்கள் நெடுங்காலமாக உண்டு. ஆஸ்திரிய எழுத்தாளர் லியோபோல்ட் ஃபொன் சாக்கர்-மாசோக் 1869இல் ஒரு பெண்ணோடு ஆறு மாதத்துக்கு இப்படி ஒப்பந்தம் செய்துகொண்டார். இன்று அந்த வட்டாரங்களில் எது வேண்டும், எது வேண்டாம் என்று எழுதி வைத்துப் பேசுகிறார்கள். நிறுத்து என்பதற்கென்று ஒரு சொல்லும் வைத்துக்கொள்கிறார்கள். அந்தச் சொல் வந்தால் பட்டியலுக்கு மதிப்பில்லை. எழுத்தை அதிகம் பயன்படுத்துபவர்களே அதைப் பேச்சைத் தொடங்கும் வழியாகக் கொள்கிறார்களே தவிர, கட்டுப்படுத்தும் பத்திரமாகக் கொள்ளவில்லை.

பொய்ப் புகார் என்ற அச்சம்

எழுத்துச் சம்மதத்தைக் கேட்பவர்களில் பலர் கெட்ட எண்ணம் உள்ளவர்கள் அல்லர். உறவு முறிந்தபின் கோபத்தில் வழக்கு வந்துவிடுமோ என்று அஞ்சுபவர்கள். இந்தியாவில் திருமண வாக்குறுதியை மீறியதன்பேரில் வரும் வழக்குகளும், ஏமாற்றி உறவு கொள்வதைத் தனிக் குற்றமாக்கிய நியாய சன்ஹிதாவின் 69ஆம் பிரிவும் இந்த அச்சத்தைக் கூட்டியிருக்கின்றன. அச்சத்தை அலட்சியம் செய்வது நியாயமாகாது. ஆனால் அதற்கான மருந்து காகிதத்தில் இல்லை. குற்றமற்ற ஒருவரை நீதிமன்றத்தில் காப்பது இருவருக்குமிடையே நடந்த பேச்சு, செய்திகள், நடத்தை, சாட்சிகள் ஆகிய முழுச் சூழலே. தனியே நீட்டப்படும் ஒப்பந்தம் நீதிபதிக்கு முதலில் எழுப்பும் கேள்வி, இதை எழுதி வாங்க வேண்டிய தேவை ஏன் வந்தது என்பதாகவே இருக்கும்.

தொல்காப்பியம் கற்பியலில், பொய்யும் தவறும் தலைகாட்டிய பிறகே பெரியோர் திருமணச் சடங்கை வகுத்தார்கள் என்று காரணம் சொல்கிறது. நம்பிக்கை குலையும் இடத்தில் சாட்சியும் சடங்கும் நுழைகின்றன என்ற அந்தப் பழைய கணிப்பு சரியானதே. ஆண் கைவிட்டுப் போகாமல் பெண்ணைக் காக்கச் சடங்கு வந்தது. அது பின்னாளில் பெண் மறுக்க முடியாதபடி செய்யும் கருவியாகவும் ஆனது. எழுத்து எதைக் காக்கும், எதைக் காக்காது என்று பிரித்துப் பார்க்க வேண்டியிருப்பது அதனால்தான். வீடு, வாடகை, சேமிப்பு, பிள்ளைகளின் பராமரிப்பு, நோய்வாய்ப்பட்டால் முடிவெடுக்கும் உரிமை இவற்றை எழுதிக்கொள்வது துணைவர் இருவருக்கும், குறிப்பாக வருமானம் குறைந்தவருக்குப் பாதுகாப்பு. இவை நாளையும் அப்படியே இருக்க வேண்டியவை. உறவுக்கான விருப்பம் நாளை மாறலாம். மாற உரிமை உண்டு.

கடுமையான சம்மத விதிகளைக் கொண்டுவந்தவர்களும் காகிதம் கேட்கவில்லை. அமெரிக்காவின் ஆண்டியோக் கல்லூரி 1990களின் தொடக்கத்தில் வகுத்த விதி, ஒவ்வொரு கட்டத்திலும் வாய்விட்டுக் கேட்க வேண்டும் என்றது. கலிபோர்னியாவின் 2014ஆம் ஆண்டுச் சட்டம் சம்மதம் தொடர வேண்டும், எந்நேரமும் திரும்பப் பெறலாம் என்றது. சுவீடன் 2018 ஜூலை முதலும் ஸ்பெயின் 2022 அக்டோபர் முதலும் நடைமுறைப்படுத்திய சட்டங்கள், சம்மதம் சொல்லாலோ செயலாலோ வெளிப்பட்டதா என்றே பார்க்கின்றன. கணவனாலும் பிற ஆண்களாலும் வன்புணர்வுக்கு ஆளான ஜீஸெல் பெலிக்கோவின் வழக்கில் 2024 டிசம்பரில் அவிஞ்ஞோன் நீதிமன்றம் 51 ஆண்களைத் தண்டித்த பிறகு, பிரான்சும் 2025 நவம்பரில் தன் சட்டத்தில் சம்மதத்தைச் சேர்த்தது: சுதந்திரமாக, விவரம் அறிந்து, குறிப்பிட்ட செயலுக்கு, முன்பே, திரும்பப் பெறும் உரிமையோடு தரப்படுவது.

இத்தாலியின் 609-பிஸ் பிரிவு அப்போதும் வன்முறை, மிரட்டல், அதிகாரத் துர்ப்பயன்பாடு என்ற சொற்களிலேயே நின்றது; சம்மதம் என்ற சொல் அதில் இருக்கவில்லை. அந்தக் குறையைத் தீர்க்க, சுதந்திரமான, அந்த நேரத்துச் சம்மதம் இல்லாத செயல் பாலியல் வன்முறை என்ற திருத்தத்தை 2025 நவம்பர் 19 அன்று மக்களவை ஓர் எதிர்வாக்குகூட இல்லாமல் நிறைவேற்றியது. ஆளுங்கட்சியும் எதிர்க்கட்சியும் சேர்ந்து செய்த ஏற்பாடு அது. பெண்களுக்கு எதிரான வன்முறை ஒழிப்பு நாளான நவம்பர் 25இல் செனட்டும் நிறைவேற்றும் என்று எதிர்பார்க்கப்பட்டது. ஆளுங்கூட்டணிக்குள் லேகா கட்சி தயங்கியதால் அன்று வாக்கெடுப்பு நடக்கவில்லை. வரைவு செனட்டின் நீதிக் குழுவிடம் மறுஆய்வுக்குப் போனது. அந்தக் குழுவின் தலைவர் பலெர்மோவில் பிறந்த வழக்கறிஞர் ஜூலியா போன்ஜோர்னோ. எதிர்ப்பாளர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று, இந்தச் சொற்கள் பழிவாங்கும் புகார்களுக்கு இடம் தரும் என்பது. அந்த நேரத்து என்ற அடைமொழியைச் சட்ட வரைவுக்குள் கொண்டுவந்தவர்கள் கேட்டது மிகச் சிறியது: நீதிமன்றம் ஒரு பெண்ணிடம், நேற்று என்ன சொன்னாய், எதில் கையெழுத்திட்டாய், யாருக்கு நிச்சயிக்கப்பட்டிருந்தாய் என்று கேட்பதை விட்டு, அந்த வேளையில் உனக்கு விருப்பம் இருந்ததா, அதை அறிய எதிரில் இருந்தவர் என்ன செய்தார் என்று கேட்க வேண்டும். 1966 டிசம்பரில் திராப்பானியில் நடந்த வாதங்களில் முதல் வகைக் கேள்விகளே நிறைந்திருந்தன.